ஏழாவது ஆச்சு

ஆறு ஜோடிப் பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தாள் பெருமாயி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி கேட்கவேண்டும், ஒருத்தி "ஆச்சு" என்று பதில் சொல்லவேண்டும். வாசல் பக்கம் தொடங்கி சுவர் வரைக்கும் கேள்வியும் பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்தன. ஆறாவது ஜோடி சொல்லி முடித்த பிறகு, அதற்கு அப்பால், ஆளில்லாத சுவர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு "ஆச்சு" கேட்டது.

முதல் நாள் அதை எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். பயிற்சி நடந்த இடம் குஜிலியம்பாறையில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கி. தகரக்கூரை. தும்மினால்கூடத் திரும்பி வரும். ஆனால் "கிளாம்பு பிடிச்சாச்சா?" என்ற கேள்விக்கு அது வரவில்லை. "ராடு கழட்டியாச்சா?" என்றதற்கும் வரவில்லை. "மேல பாத்தாச்சா?" என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் அந்தச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டு வகுப்பு நடத்தினாள். அன்றைக்கு அந்தக் குரல் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அது 2003ஆம் வருஷம். இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணறெல்லாம் வறண்டு, ஊர்கள் எல்லாம் அடிபம்பை நம்பி நின்றன. பம்பு பழுதானால் திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வர ஒரு மாதம் ஆகும். அதனால் தொண்டு நிறுவனத்தார் புதிதாக நாற்பது கிராமத்துக்கு ஒரு திட்டம் ஆரம்பித்து, ஊர்ப் பெண்களையே பம்பு மெக்கானிக் ஆக்கப் பன்னிரண்டு பேரை எடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பெருமாயியைக் கூப்பிட்டார்கள்.

பெருமாயி கல் உடைத்த கை. முப்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்தாள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் 1996இல் பம்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். இப்போது நாற்பது நடக்கிறது. முப்பது பம்புகளை அவள் பார்த்துக்கொள்கிறாள். முழங்கால் இரண்டும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கின்றன. இருந்தாலும், பெருமாயி தொட்டால் தண்ணி வரும் என்று சனங்கள் சொல்வார்கள். பொம்மக்கரட்டுப் பம்பு ஒன்றைத்தான் அவள் தொட்டதில்லை. அந்த ஊர்க்காரர்கள் வந்து கூப்பிட்ட போதெல்லாம் ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவர்களும் ரொம்ப வற்புறுத்தவில்லை. அவளோடு பயிற்சி எடுத்த செபாஸ்தியம்மாள் செத்த பம்பு அது. மத்தியான வேளையில் கைப்பிடி தானாக ஏறி இறங்குகிறது என்று பேச்சு.

அடிபம்பைக் கழற்றுவது ஒன்றும் மந்திரமில்லை. பூமிக்குள்ளே பத்தடிக் குழாய்கள் ஒன்றோடொன்று திருகி இறங்கியிருக்கும். நாலு பேர் சேர்ந்து மேலே இழுப்பார்கள். ஒரு குழாய் முழுசாக வெளியே வந்ததும், கீழே இருப்பதைக் கிளாம்பால் கவ்விப் பிடித்துவிட்டு, உள்ளே ஓடும் ராடு என்கிற கம்பியைக் கழற்றிவிட்டு, மேலே வந்ததைத் திருகிக் கழற்றி, நிமிர்த்திச் சாய்த்துத் தரையில் போடவேண்டும். கிளாம்பு நழுவினால் மிச்சக் குழாய் எல்லாம் பூமிக்குள் போய்விடும். நிமிர்த்தின குழாய் மேலே எதிலாவது பட்டாலும் ஆபத்து. குழாயைக் கையில் பிடித்திருப்பவளால் திருகு மரையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் மேலே பார்ப்பது மற்றவள் வேலை. பிடிப்பவள் கேட்பாள், பார்ப்பவள் சொல்வாள். இப்படி ஒரு முறையை ஏற்படுத்தியவர் தொண்டு நிறுவனத்து ஸ்தனிஸ்லாஸ் சார். அப்போதும் அவர்தான் பயிற்சிக்குப் பொறுப்பு, இப்போதும் அவர்தான்.

தொண்ணூற்றாறில் பெருமாயியும் செபாஸ்தியம்மாளும் ஒரு ஜோடி. சாதி வேறு, சாமி வேறு. ஆனாலும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கேலிக்கு அந்த முறைதான் வசதி. செபாஸ்தியம்மாள் குழாய் பிடிப்பாள், கேள்வி அவளுடையது. பெருமாயி பார்ப்பவள், பதில் அவளுடையது. கேட்டு, சொல்லி, கேட்டு, சொல்லி, அது ஒரு தாளமாகவே ஆகிவிட்டது. கோயிலில் மாதா மன்றாட்டு சொல்லும்போது மாதாவின் பேரை ஒருத்தர் முழுசாகச் சொல்லி முடிக்குமுன்பே சனங்கள் எல்லாம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லிவிடுவார்களே, அது மாதிரி இருக்கிறது மதினி நீ பதில் சொல்வது என்று செபாஸ்தியம்மாள் ஒரு நாள் சிரித்தாள். நீ எங்கள் வேதத்தில் சேர்ந்துவிடு, முன்வரிசையில் உட்காரவைப்பார்கள் என்றாள். எந்த ஜோடி வெரசாகக் கழற்றுகிறதோ அந்த ஜோடியை அடுத்த வருஷம் மற்ற ஊர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவோம் என்று சார் சொல்லியிருந்தார். கையில் கடிகாரத்தோடு நிற்பார். அவர்கள் இரண்டு பேருந்தான் எப்போதும் முதல்.

பொம்மக்கரட்டில் அன்றைக்கு ஐந்தாவது குழாய். "மேல பாத்தாச்சா மதினி?" என்று கேட்டாள் செபாஸ்தியம்மாள். "ஆச்சு" என்றாள் பெருமாயி. அவள் கண் அப்போது கிளாம்பில் இருந்தது. செபாஸ்தியம்மாள் குழாயை நிமிர்த்திச் சாய்த்தாள். மேலே கரண்டுக் கம்பி தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு எல்லாரும் ஓடிவந்தார்கள். பெருமாயிக்குக் காது அடைத்துப்போய்விட்டது. சார் வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கி, நீங்கள் மேலே பார்த்தீர்களா இல்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். பொறு என்று சொன்னேன், அவள் கேட்கவில்லை, சாய்த்துவிட்டாள் என்றாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சார் அதை எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். கைநாட்டு இல்லாமல், முதல்முதலாக ஒரு வாக்குமூலக் காகிதத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

இந்தத் தடவை பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக இஞ்ஞாசியம்மாள் வந்திருந்தாள். செபாஸ்தியம்மாளின் கூடப்பிறந்த அக்கா. ஐம்பது வயது. இந்த வயதில் எதற்கு என்று சார் தயங்கினாராம். எங்கள் ஊர்ப் பம்பை வேறு யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள், நான் தொடுகிறேன் என்றாளாம். முதல் நாள் அவளைப் பார்த்ததும் பெருமாயி குனிந்து ஸ்பேனர்களை எண்ண ஆரம்பித்தாள். "நல்லா இருக்கியா பெருமாயி" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். பெருமாயி அவளை வரிசையின் நடுவில், பார்ப்பவளாக நிறுத்தினாள். ஏன் அந்த வேலையைக் கொடுத்தோம் என்று அப்புறம் நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

வரிசையில் பதில் வேகமாக ஓடிவரும், இஞ்ஞாசியம்மாளிடம் வந்து நின்றுவிடும். அவள் கிளாம்பைக் கையால் தொட்டுப் பார்ப்பாள். ராடை ஆட்டிப் பார்ப்பாள். மேலே பார்த்தாச்சா என்றால் கழுத்தை நிமிர்த்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அந்தத் தகரக் கூரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்ப்பாள். மற்ற பெண்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் நிற்பார்கள்.

"இம்புட்டு நேரமாக்கா பாக்குறது? தகரந்தான இருக்கு?" என்று பெருமாயி ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"பாக்கச் சொன்ன, பாத்தேன். ஒரு ஓட்டை இருக்கு, அதுல வெளிச்சம் வருது. நீ பாக்கலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெருமாயியும் சிரித்துவைத்தாள்.

சார் கொடுத்த பாடப்புத்தகத்தில் பதினோராம் பக்கம் 'விபத்துகள்' என்று இருந்தது. அதை வகுப்பில் வாசித்துக் காட்டவேண்டும். 'பொம்மக்கரட்டில் செபாஸ்தியம்மாள் என்பவர், உடனிருந்தவர் எச்சரித்தும் கேளாமல் குழாயைச் சாய்த்ததால்' என்று அதில் போட்டிருந்தது. அவள் சொன்ன வார்த்தை புத்தகத்தில் ஏறி அச்சாகி நாற்பது கிராமத்துக்குப் போகிறது. பெருமாயி அந்தப் பக்கத்தைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போய்விட்டாள். ஆனால் இஞ்ஞாசியம்மாளின் ஜோடி தமிழ்மதி பத்தாவது வரை படித்தவள். சாப்பாட்டு வேளையில் சும்மா இருக்காமல் புத்தகத்தைப் புரட்டி, அதை இஞ்ஞாசியம்மாளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டாள்.

சாயங்காலம் கிரீஸ் போகச் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது இஞ்ஞாசியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ எச்சரிச்சியா பெருமாயி?"

பெருமாயி கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்ல, கேக்குறேன். எங்க செபாஸ்தி அரிசி களைஞ்ச தண்ணியக் கொட்டணும்னாக்கூட ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் கொட்டுவா. சொன்ன பேச்சக் கேக்காம செஞ்சான்னு புத்தகத்துல இருக்கு. அதான்."

"சொன்னேன்க்கா. அவ காதுல விழுகல போல."

இஞ்ஞாசியம்மாள் சரி என்று எழுந்து போனாள். போகிறபோது பெருமாயியின் முழங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் பெருமாயி. எல்லாரும் ஏறியாச்சா என்று கண்டக்டர் கேட்டார். பின் சீட்டிலிருந்து "ஆச்சு" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் ஒரு வெங்காய மூட்டைதான் இருந்தது. வீட்டில் உலை வைத்துவிட்டு, உப்புப் போட்டோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அதற்கும் பதில் வந்தது. சோற்றில் உப்பு இல்லை. இத்தனை வருஷமாகச் சும்மா இருந்த செபாஸ்தியம்மாள் இப்போது கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாள் என்று பெருமாயி நினைத்தாள். உன் பதில் இப்படித்தானே இருந்தது மதினி என்று அவள் சொல்லிக்காட்டுகிற மாதிரி இருந்தது.

கடைசி நாள் செய்முறைப் பயிற்சிக்கு எந்தப் பம்பு என்று சார் சொன்னபோது பெருமாயி வேறு பம்பைச் சொல்லிப் பார்த்தாள். பொம்மக்கரட்டுப் பம்பு இரண்டு வருஷமாகக் கெட்டுக் கிடக்கிறது, ஊர் சனம் ஒன்றரை மைல் குடம் தூக்குகிறது, அதைத் தவிர வேறு எதை எடுப்பது என்று அவர் கேட்டார். நியாயந்தான். புதுத் திட்டத்துக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது என்றும் சொன்னார்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. பழைய மின்கம்பத்தை எப்போதோ தள்ளி நட்டுவிட்டார்கள். பம்பைச் சுற்றி எருக்கு முளைத்திருந்தது. கைப்பிடியில் யாரோ எலுமிச்சம்பழமும் கரித்துண்டும் கட்டியிருந்தார்கள். மேடையின் சிமெண்டில் மெழுகுதிரி உருகின கறை இருந்தது. சனங்கள் குடத்தோடு வந்து, கிட்டே வராமல், வேலியோரம் நின்றார்கள்.

பெண்கள் எருக்கை வெட்டினார்கள். பம்பின் தலையைக் கழற்றி இறக்கினார்கள். நாலு பேர் சேர்ந்து முதல் குழாயை இழுத்துக் கிளாம்பில் நிறுத்தினார்கள். அதுவரை எல்லாம் நடந்தது. இனி ஒருத்தி போய்க் குழாயைப் பிடிக்கவேண்டும். ஒருத்தியும் நகரவில்லை. அன்றைக்கு முதலில் பிடிக்கவேண்டியவள் தமிழ்மதி. அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"செத்தவ வந்து கூடப் பிடிப்பான்னு சொல்றாக சார். எனக்குச் சின்னப்புள்ள இருக்கு" என்றாள்.

சார் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, கவனமில்லாததுதான் பேய் என்றார். கூட நிற்பவர் சொல்வதைக் கேட்டால் ஒன்றும் ஆகாது, அன்றைக்கு அந்தம்மா கேட்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது என்றார். பிறகு பெருமாயி பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நீங்கதான பக்கத்துல நின்னீங்க."

பதினோரு பெண்களும் அவளைப் பார்த்தார்கள். இஞ்ஞாசியம்மாள் மட்டும் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தமிழ்மதி வந்து குழாயைப் பிடிப்பாள், வேலை நடக்கும், தண்ணீர் வரும். ஏழு வருஷம் ஓடின மாதிரி மிச்ச வருஷமும் ஓடிவிடும். ஆனால் இந்தப் பன்னிரண்டு பேரும் நாளைக்குப் பன்னிரண்டு ஊரில் நின்றுகொண்டு, மேலே பார்க்காமல் ஆச்சு ஆச்சு என்று சொல்வார்கள். சொல்லப் பழக்கியது அவள்தான்.

"இல்ல சார்" என்றாள் பெருமாயி. "நான் மேல பாக்கல."

சார் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"அவ கேட்டா. நான் பாக்காமலே ஆச்சுன்னுட்டேன். என்னைய நம்பித்தான் சாச்சா. நான் பொறுன்னும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. அவ மேல பழியப் போட்டுட்டேன்."

சார் அவளைக் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். திட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் ஏனக்கா இது என்று மெதுவாகக் கேட்டார். மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும், அப்புறம் உங்களை வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். அவர் முகம் வேர்த்திருந்தது. கடிகாரத்தோடு நின்றது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். எழுதுங்கள் சார் என்றாள் பெருமாயி. புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் மாற்றி எழுதுங்கள், என் பெயரையே போடுங்கள் என்றாள்.

இஞ்ஞாசியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் போடுவது மாதிரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தாள். அப்புறம் எழுந்து வந்து பெருமாயிக்கு எதிரில் நின்றாள். அடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெருமாயியும் நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"சொன்ன பேச்சு கேக்காதவ, திமிருல செத்தான்னு ஏழு வருசமா ஊரு பேசுச்சு" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "என் வீட்டுக்காரரு பேசுனாரு. நானும் பேசுனேன் பெருமாயி. கல்லறைத் திருநாளுக்குப் போயி, ஏன்டி கேக்கலன்னு அவகிட்டயே சண்டை போட்டேன்."

முந்தானையைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குழாயப் பிடி" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

பெருமாயி போய்ப் பிடித்தாள். செபாஸ்தியம்மாள் நின்ற அதே இடம். இஞ்ஞாசியம்மாள் எதிரே, பார்ப்பவளின் இடத்தில் நின்றாள். கிளாம்பு பிடித்தாச்சா என்று பெருமாயி கேட்டாள். இஞ்ஞாசியம்மாள் குனிந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ராடு கழற்றியாச்சா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள். பெருமாயி குழாயைத் திருகி விடுவித்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள்.

"மேல பாத்தாச்சாக்கா?"

"ஆச்சு" என்றது அந்தக் குரல், காதுக்குப் பக்கத்திலேயே.

கை தானாகச் சாய்க்கப் போனது. இத்தனை வருஷப் பழக்கம். ஆனால் எதிரே இருந்தவள் வாயைத் திறக்கவில்லை என்பது பெருமாயிக்குத் தெரிந்தது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. செபாஸ்தியம்மாள் கேட்டவள். அவள் ஒருநாளும் ஆச்சு என்று சொன்னதே இல்லை. இத்தனை நாளும் சுவரோரத்திலும் பஸ்ஸிலும் அடுப்படியிலும் பேசினது செத்தவள் குரல் இல்லை. முப்பத்து மூன்று வயதில், மேலே பார்க்காத பெருமாயியின் குரல் அது.

அவள் சாய்க்கவில்லை. நின்றாள். குழாய்க்குள் தேங்கின துருத் தண்ணீர் ஒழுகி அவள் சேலையை நனைத்தது. தோள்பட்டை இற்று விழுகிற மாதிரி வலித்தது. தானே நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவில்லை. மரையிலேயே கண்ணை வைத்திருந்தாள். இஞ்ஞாசியம்மாள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மேடையைச் சுற்றி நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால்கூட நியாயந்தான் என்று பெருமாயி நினைத்தாள்.

"கெழக்க ஒரு வயரு தொங்குது" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "பூந்தோட்டத்து மோட்டாருக்குப் புதுசா இழுத்திருக்காய்ங்க. மேக்காம சாயி."

பெருமாயி மேற்கே சாய்த்தாள். தமிழ்மதி ஓடிவந்து மறுநுனியைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாகக் குழாயைத் தரையில் படுக்கவைத்தார்கள்.

இன்னும் ஒன்பது குழாய் இருந்தது. ஒன்பதையும் பெருமாயியையே பிடிக்கவைத்தாள் இஞ்ஞாசியம்மாள். ஒன்பது தடவையும் சுற்றிவந்து பார்த்தாள். ஆச்சு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள். கெழக்க வயரு, மேக்க வேப்பங்கொப்பு, கொஞ்சம் தள்ளிச் சாயி. காத்து அடிக்கிது, நிக்கட்டும். இப்ப சாயி. சார் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் சொல்வதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

வாஷரை மாற்றிக் குழாய்களைத் திரும்ப இறக்கும்போது மற்றவர்களின் முறை வந்தது. தமிழ்மதி இந்தத் தடவை பார்ப்பவளாக நின்றாள். கேள்வி வந்ததும் வாய் பழக்கத்தில் "ஆ" என்று தொடங்கிவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கிழக்கேயும் மேற்கேயும் பார்க்க ஆரம்பித்தாள். குழாயைப் பிடித்திருந்தவள் காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.